ஒலியைக் கூட்டிய சிறுவன்: வீட்டு வன்முறையைப் பாடிய ஒரு ரொக் அல்பம்

[திரை: வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடியின் படிக்கட்டு. மாலை நேரம்.]

வணக்கம். அமெரிக்காவின் 'தி மவுண்டன் கோட்ஸ்' என்னும் இண்டி ரொக் குழு 2005 ஏப்ரலில் வெளியிட்ட 'தி சன்செட் ட்ரீ' என்ற அல்பத்தைப் பற்றியது இந்தக் காணொளி. குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான ஜோன் டார்னீல், தம்மை அடித்துத் துன்புறுத்திய மாற்றாந்தந்தையுடன் கழிந்த தம் இளமைக் காலத்தை இதில் பாடுகிறார். தொடக்க காலப் பாடல்களைச் சாதாரண கசற் றெக்கோடர் ஒன்றிலேயே பதிவுசெய்த அவர், அதுவரை பெரும்பாலும் கற்பனை மாந்தரின் குரலில்தான் எழுதிவந்தார். மாற்றாந்தந்தை இறந்த பின்னரே இந்த அல்பம் எழுந்தது.

இதை முதன்முறை கேட்கும் தமிழர் எவரும் மெட்டைக் கேட்டுத் திகைப்பார். துயரம் என்றால் முகாரி என்று பழகிய காதுகள் நம்முடையவை. 'டான்ஸ் மியூசிக்' என்ற பாடலோ, பெயருக்கேற்பத் துள்ளிக்கொண்டு தொடங்கி, ஏறக்குறைய இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

[திரை: பழைய தொலைக்காட்சிப் பெட்டி. பின்னர் ஓர் இசைத்தட்டுக் கருவியின் ஒலித் திருகி, மிக அருகில்.]

அந்தப் பாடலின் சிறுவனுக்கு வயது ஐந்தோ ஆறோ. இடம் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ. தொலைக்காட்சியில், அமெரிக்க ஜனாதிபதி நிக்சனின் அரசை உலுக்கிய வாட்டர்கேட் ஊழல் பற்றிய விசாரணை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஆண்டு 1973 என்று கொள்ளலாம். மாற்றாந்தந்தை தாயைப் பார்த்துக் கத்துகிறார்; கண்ணாடிக் குவளை ஒன்றை அவரது தலையை நோக்கி வீசுகிறார். சிறுவன் மாடிக்கு ஓடி, தரையில் இருக்கும் தன் சின்ன இசைத்தட்டுக் கருவியோடு காதை ஒட்டிவைத்து, ஒலித் திருகி எதற்காக இருக்கிறது என்பதை அந்தக் கணத்தில் அறிந்துகொள்கிறான்.

மெட்டின் உற்சாகத்தை வெறும் முரண் உத்தி என்று சொல்லிவிட்டுக் கடந்துவிட எனக்கு மனமில்லை. கீழ்த்தளத்தில் நடந்ததை வரிகள் சொல்கின்றன. மேல்தளத்தில் சிறுவனின் காதில் விழுந்ததை மெட்டு சொல்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே வீட்டில் நிகழ்ந்தவை. உரைநடையில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழுத முடிகிற இவற்றை, பாடல் ஒன்றாகவே ஒலிக்கச் செய்கிறது. முகாரியில் இதைப் பாடியிருந்தால், பின்னாளில் திரும்பிப் பார்க்கும் பெரியவரின் துயரம் கிடைத்திருக்கும். அந்தப் பிள்ளை அன்று கேட்ட இசை கிடைத்திருக்காது.

இப்படிக் கேட்டால் அல்பத்தின் மற்றப் பாடல்களும் துலங்குகின்றன. வேறொரு பாடலில், வளர்ந்துவிட்ட அதே பையன், தன்மேல் அடி விழும்போது கைகளால் முகத்தை மறைத்துக்கொள்கிறான். அந்நிலையிலும் அவன் வேண்டுவது, எது இல்லாமல் தன்னால் வாழவே முடியாதோ அந்த ஸ்டீரியோவை அந்த மனிதர் உடைத்துவிடக் கூடாது என்பதைத்தான். 'திஸ் இயர்' பாடலில் அவனுக்குப் பதினேழு வயது. உயிரே போனாலும் இந்த ஆண்டைக் கடந்தே தீருவேன் என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்லும் பல்லவி, அவையோர் ஒருமித்துப் பாடும் அளவுக்கு எளிமையானது.

[திரை: மீண்டும் படிக்கட்டு. மூடிய கதவுகள்.]

நம் மரபில், இறந்தவருக்காக ஊர் கூடி அழ ஒப்பாரி இருந்தது. மூடிய கதவுக்குள் அடிபடும் பிள்ளைக்காக ஊர் கூடுவதில்லை. கொழும்பின் அடுக்குமாடிகளில் ஒரு சுவருக்கு இப்புறமும் அப்புறமும் இரு குடும்பங்கள் வாழ்கின்றன; சத்தம் கேட்காமல் இருக்க வழியே இல்லை. இருந்தும், "அது அவையின்ர குடும்ப விசயம்" என்று சொல்லி, பக்கத்து வீட்டார் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுகிறார்கள். சிறுவன் திருகியதும் அதே திருகிதான். அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை, பெரியவர்களுக்கு இருக்கிறது. இந்த அல்பத்தை நம்மவர்கள் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

இறுதிப் பாடலான 'பேல் கிரீன் திங்ஸ்' மென்மையானது. மாற்றாந்தந்தையோடு விடியற்காலையில் குதிரைப் பந்தயத் திடலுக்குச் சென்ற நாளையும், வெடித்த தார்த்தரையில் முளைத்திருந்த வெளிர்பச்சைத் தளிர்களையும், அவர் இறந்த செய்தியைச் சகோதரி அதிகாலை மூன்று மணிக்குத் தொலைபேசியில் சொன்னதையும் அது அடுத்தடுத்து வைக்கிறது. இதை மன்னிப்பு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பாடலில் மன்னிப்பு எங்கும் கூறப்படவில்லை. கொடுமை செய்தவரோடு கழிந்த ஒரு நல்ல காலைப்பொழுதும் நினைவில் தங்கிவிடுகிறது. அதை மறைக்காமல் வைத்ததே இந்தப் பாடலின் நேர்மை.

துன்புறுத்துவோருடன் ஒரே வீட்டில் வாழும் இளையோருக்கே டார்னீல் இந்த அல்பத்தைச் சமர்ப்பித்திருக்கிறார். அங்கிருந்து உயிரோடு வெளியேறுவீர்கள், உங்கள் கதையைச் சொல்ல வாழ்ந்திருப்பீர்கள் என்பது அவர் அவர்களுக்குத் தரும் உறுதி.

[திரை: 1929 என்ற எண் மட்டும்.]

இலங்கையில் சிறுவர் துன்புறுத்தலை அறிவிப்பதற்கான, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929. அடிபடும் பிள்ளைதான் அழைக்க வேண்டும் என்பதில்லை. சுவருக்கு இப்பால் இருந்து கேட்டவரும் அழைக்கலாம்.