அக்கா, ஒரு கையெழுத்து

வணக்கம் நேயர்களே. பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் நாளாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த நவம்பர் 25 இந்த வாரம் வருகிறது. அதையொட்டிப் பேச என்னை அழைத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. நான் உரிமையியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். பாகப்பிரிவினை, பட்டா, வில்லங்கச் சான்று, இவற்றோடுதான் என் அன்றாடம் போகிறது. குடும்ப வன்முறையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து தொடங்கப் போகிறேன். ஏன் என்று கேட்டுக்கொண்டே வாருங்கள்.

கணவன் அடித்து ஒரு பெண் இறந்துபோனாள் என்று பேப்பரில் செய்தி வருகிறது. டீக்கடையிலும் பஸ்ஸிலும் அதைப் பேசுகிறவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "இத்தனை வருஷம் ஏன் பொறுத்துக்கிட்டு இருந்தா? படிச்ச பொண்ணுதானே, வெளியே வந்திருக்கலாமே?" மனசு கேட்காமல்தான் கேட்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்கு அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. வெளியே வந்து எங்கே போவாள்? ராத்திரி பதினோரு மணிக்கு இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யார் வீட்டுக் கதவைத் தட்டுவாள்?

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு 2019 முதல் 2021 வரை நடந்தது. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாக அதில் சொல்லியிருக்கிறார்கள். இந்தியா முழுவதும் எடுத்தால் நூற்றுக்கு 29. நாம்தான் கூடுதல். படிப்பில் முன்னே நிற்கிறோம், வேலைக்குப் போகும் பெண்கள் இங்கே அதிகம் என்று பெருமை பேசுகிறோம், இந்தக் கணக்கிலும் நாம் முன்னேதான் நிற்கிறோம். அதே ஆய்வில் இன்னொரு தகவலும் இருக்கிறது. இந்திய அளவில், அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்த பெண்களில் நூற்றுக்கு 77 பேர் அதை யாரிடமும் சொன்னதே இல்லை. உதவி தேடியவர்கள் வெறும் 14 பேர். அந்தச் சிலரும் அதிகமாகப் போய் நின்றது போலீஸ் ஸ்டேஷனில் இல்லை, பிறந்த வீட்டில்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்டவள் முதலில் போவது பிறந்த வீட்டுக்கு.

இப்போது அந்தப் பிறந்த வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம். அப்பா காலமாகிவிடுகிறார். தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்குகிறார்கள். அதில் அம்மா பெயர், மகன்கள் பெயர், மகள்கள் பெயர் எல்லாம் இருக்கும். வீட்டை விற்கவோ, பேங்கில் கடன் வாங்கவோ மகன் போனால், "அக்கா தங்கச்சி கையெழுத்து வேணுமே" என்பார்கள். அதுவரை பொங்கல் சீரோடு நின்றுபோயிருந்த உறவு, அன்றைக்குப் போனில் வரும். "அக்கா, ஒரு கையெழுத்து போட வேண்டியிருக்கு, காலையில கார் அனுப்புறேன்."

அந்தக் கையெழுத்துதான் விடுதலைப் பத்திரம். என் பங்கு எனக்கு வேண்டாம், உனக்கே விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக்கொடுப்பது. குடும்பத்துக்குள் என்றால் முத்திரைக் கட்டணமும் குறைவு. ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகம். என்னிடம் வழக்குக் கொடுத்திருந்த ஒருவர் வேலைக்காகப் போயிருந்தேன். முகூர்த்த நாள், நல்ல கூட்டம். வேப்பமரத்தடி பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார், முப்பத்தைந்து வயது இருக்கும். சித்திரை வெயிலில் முழங்கைக்குக் கீழே இறங்கிய ரவிக்கை. டோக்கன் கூப்பிட்டபோது எழுந்தவர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் ஓடிவந்து, "பாத்து வா பாப்பா" என்றார். நல்ல மனிதர்தான், குரலில் அன்பு இருந்தது. காலையில் தங்கைக்கு இட்லி வாங்கிக்கொடுத்து, பிள்ளைக்குப் பிஸ்கட் வாங்கிக்கொடுத்துத்தான் கூட்டிவந்திருந்தார்.

உள்ளே போட்டோ எடுத்தார்கள். விரல் ரேகை வைக்கும் கருவியில் கட்டைவிரல் ரேகை விழவில்லை. ஒரு முறை, இரண்டு முறை, சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும். பாத்திரம் தேய்க்கிற கைக்கு ரேகை அழிந்துதான் போகும். அதிகாரி தன் கடமைப்படி, "என்ன பத்திரம்னு தெரியும்ல? சம்மதம்தானே?" என்று கேட்டார். அந்தப் பெண் அதிகாரியைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அடுத்த டோக்கன்.

வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவரிடம் நான் பேச்சுக் கொடுத்தேன். உங்கள் பங்கு இன்றைய விலைக்கு எவ்வளவு வரும் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும் மேடம்" என்றார். "மூத்தவளுக்கு அடுத்த வருஷம் சடங்கு வந்தாலும் வரும். தாய்மாமன் சீரோட வந்து நிக்கணும்ல? அவரு வரலைன்னா எங்க வீட்டுல என்னை என்ன பாடு படுத்துவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது." கை ரவிக்கை விளிம்பை இழுத்துவிட்டுக்கொண்டது.

நேயர்களே, அந்தப் பதிலில் முழுக் கணக்கும் இருக்கிறது. புகுந்த வீட்டில் அடி கொஞ்சமாவது குறைய வேண்டுமென்றால், கேட்க ஆள் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அந்த ஆள் அண்ணன். அந்த அண்ணனைத் தக்கவைத்துக்கொள்ளத் தன் பங்கை எழுதிக்கொடுக்கிறாள். எழுதிக்கொடுத்த பிறகு, ராத்திரியில் தட்டுவதற்கு அவளுக்கென்று இருந்த ஒரே கதவும் அண்ணன் கதவாகிவிடுகிறது. அண்ணனும் அண்ணியும் நல்லவர்களாகவே இருக்கலாம். இரண்டு நாள் சோறு போடுவார்கள். மூன்றாம் நாள், "மாப்பிள்ளைகிட்ட நான் பேசுறேன், நீ கிளம்பு" என்பார்கள். தன் பங்கு உள்ள வீட்டுக்கு வருபவளை அப்படி அனுப்ப முடியாது. விருந்தாளியைத்தான் அனுப்ப முடியும்.

"நகை போட்டுத்தானே கட்டிக்கொடுத்தோம், அதுதான் அவ பங்கு" என்று அண்ணன்மார் சொல்வார்கள். தாய்மாரும் சொல்வார்கள். முதலில், சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. கல்யாணத்தில் போட்ட நகைக்காக எந்த மகளின் பங்கும் குறையாது. இரண்டாவது, அந்த நகை எங்கே இருக்கிறது? கணவனின் தொழிலுக்கு, மாமனாரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு, நாத்தனார் கல்யாணத்துக்கு என்று அடகுக் கடைக்குப் போய், பாதி மூழ்கியும் போயிருக்கும். கழுத்தில் கிடக்கும் நகையைக் கழற்றி வாங்க ஒரு சண்டை போதும். பத்திரத்தில் பெயர் இருக்கும் நிலத்தை அப்படிக் கழற்ற முடியாது. அவள் பதிவு அலுவலகத்துக்கு நேரில் வந்தாக வேண்டும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், மகளுக்கு நகையைக் குறைத்து நிலத்தில் பெயர் போடுங்கள்.

இந்த உரிமை நேற்று யாரோ டெல்லியில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்துக் கொடுத்தது என்று சிலர் பேசுகிறார்கள். அப்படி இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், ஆண்களைப் போலவே பெண்களுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் பலர் அது சட்டமாவதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு கொடுத்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே மகளுக்கும் உரிமை என்று தமிழ்நாடு 1989-இல் திருத்தம் கொண்டுவந்தது, அன்றைக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்த மகள்களுக்கு மட்டும். 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும், கல்யாணம் ஆனவளோ ஆகாதவளோ எல்லா மகளுக்கும் என்று மத்தியச் சட்டம் மாறியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பதினைந்து வருஷம் கோர்ட்டுகளில் இழுத்தது. அப்படி ஒன்றும் தேவையில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது.

கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய திருவிதாங்கூர்ச் சட்டத்தில் மகளுக்கு, மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று அல்லது ஐந்தாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான். எது குறைவோ அது! கோட்டயத்து ஆசிரியை மேரி ராய் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போய் 1986-இல் வென்றார். அவர் குடிகாரக் கணவனை விட்டுப் பிள்ளைகளோடு வெளியே வந்த பெண். ஊட்டியில் அப்பாவின் வீட்டில் தங்கப் போனவரை, மகளுக்கு உரிமை இல்லை என்று சொல்லி வெளியேற்றப் பார்த்தார்கள். வழக்கின் வேர் அங்கே இருக்கிறது. இஸ்லாமியச் சட்டத்திலும் மகளுக்குப் பங்கு உண்டு, மகனுக்குக் கிடைப்பதில் பாதி. ஆனால் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவதில் மட்டும் எல்லா மதத்து அண்ணன் தம்பிகளும் ஒற்றுமையாக இருக்கிறார்கள். நான் வருத்தத்தோடு சொல்கிறேன்.

சரி, நிலத்தில் பெயர் இருந்தால் அடி நின்றுவிடுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பொருளாதார அறிஞர்கள் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 500 பெண்களிடம் ஆய்வு செய்து 2005-இல் வெளியிட்டார்கள். வீடும் இல்லை நிலமும் இல்லை என்ற பெண்களில் நூற்றுக்கு 49 பேர் கணவனிடம் நீண்டகாலமாக அடி வாங்கியிருந்தார்கள். நிலம் மட்டும் வைத்திருந்தவர்களில் 18 பேர். வீடு மட்டும் வைத்திருந்தவர்களில் 10 பேர். இரண்டும் வைத்திருந்தவர்களில் 7 பேர். 49 எங்கே, 7 எங்கே! ஒரு மாவட்டத்து ஆய்வுதான், பக்கத்து மாநிலம்தான். ஆனால் நான் கோர்ட் வராந்தாவில் பார்ப்பதும் இதுவே. வீட்டுப் பத்திரம் தன் பெயரில் இருக்கும் பெண்ணிடம் கணவன் கையை ஓங்குவதற்கு முன் ஒரு கணம் யோசிக்கிறான். அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் இவ்வளவு நேரம் பேசுகிறேன். சொத்து இருந்தும் அடி வாங்குகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்குப் போக ஓர் இடம் இருக்கிறது.

அப்பாக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதிவையுங்கள், உயிலாகவோ தான செட்டில்மெண்டாகவோ. உங்கள் காலம் வரை நீங்களே அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொண்டும் எழுதலாம், பயப்பட வேண்டாம். முழுப் பங்கு முடியாவிட்டால் அந்த வீட்டில் ஓர் அறையாவது, "என் மகள் எந்த நேரமும் வந்து தங்க உரிமை உண்டு" என்று எழுத்தில் வையுங்கள். புதிதாக மனையோ வீடோ வாங்குகிறவர்களுக்கு இன்னொரு தகவல். பத்து லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு, 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் இது நடைமுறையில் இருக்கிறது.

அண்ணன் தம்பிகளுக்கும் சொல்ல நிறைய வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பற்றியே இன்னும் பேசவில்லை. வேகமாகச் சொல்லிவிடுகிறேன், முடிந்தால் பேப்பர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

2005-ஆம் ஆண்டுச் சட்டம். 2006 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அடி மட்டும் வன்முறை இல்லை; கேவலமாகப் பேசுவது, செலவுக்குக் காசு தராமல் இருப்பது, சம்பளத்தைப் பிடுங்குவது எல்லாம் இதில் அடங்கும். சேர்ந்து வாழ்ந்த வீட்டில் உங்கள் பெயரில் பத்திரம் இல்லாவிட்டாலும் அங்கே தங்க உங்களுக்கு உரிமை உண்டு, 17-ஆவது பிரிவு. மாமனார் பெயரில் வீடு இருந்தாலும் அதைச் சேர்ந்து வாழ்ந்த வீடாகக் கொள்ளலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேறு வீடு பார்த்து வாடகை கட்டச் சொல்லியும் கணவனுக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், மனு எழுத அவரே உதவுவார்.

பக்கத்து வீட்டுக்காரர்களே, நீங்களும் தகவல் சொல்லலாம். 4-ஆவது பிரிவு. நல்லெண்ணத்தோடு சொன்னால் உங்கள் மேல் எந்த வழக்கும் வராது.

மிரட்டியோ ஏமாற்றியோ விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால், அது தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடலாம், தள்ளிப்போடாதீர்கள். வக்கீல் ஃபீஸ் கவலை வேண்டாம், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். போனில் கேட்க 15100. பெண்கள் உதவி எண் 181, இரவு பகல் எந்த நேரமும். மறுபடியும் சொல்கிறேன், ஒன்று எட்டு ஒன்று. வணக்கம்.