எட்டு நகர்த்தலில் செக்மேட்: எங்லண்ட் பொறி பற்றிய சந்தேகத்துக்கு விளக்கம்

குன்னூரிலிருந்து ஒரு பள்ளி மாணவர் எழுதியிருக்கிறார். சதுரங்கத்தில் கருப்புக் காய்களில் எங்லண்ட் காம்பிட் (சிப்பாயைக் கொடுத்து ஆடும் ஒரு தொடக்கம்) ஆடி வகுப்பு நண்பர்கள் மூவரை எட்டே நகர்த்தலில் தோற்கடித்தாராம். நான்காவதாக ஆடிய அவருடைய அக்கா, ஆறாவது நகர்த்தலில் பிஷப்புக்குப் பதிலாகக் குதிரையை எடுத்து வைத்ததும் ஆட்டம் தலைகீழாகிவிட்டதாம். பொறியில் எங்கே தவறு, போட்டியில் இதை ஆடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, நீங்கள் எதையும் தவறாக ஆடவில்லை. அக்கா சரியாக ஆடியிருக்கிறார். சுவீடனைச் சேர்ந்த எங்லண்ட் என்பவரின் பெயரால் வழங்கும் தொடக்கம் இது. வெள்ளை டி4 ஆட (எழுத்து பலகையின் நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை), கருப்பு இ5 என்று சிப்பாயைக் கொடுக்கிறது. வெள்ளை அதை வெட்டியதும் கருப்புக் குதிரை சி6, வெள்ளைக் குதிரை எஃப்3, கருப்பு ராணி இ7. சிப்பாயைக் காக்க வெள்ளை பிஷப்பை எஃப்4-க்குக் கொண்டுவரும்போது, ராணி பி4-க்கு வந்து செக் கொடுத்து, அந்தப் பிஷப்பையும் பி2 சிப்பாயையும் ஒன்றாகத் தாக்குகிறது. பிஷப் டி2-க்குத் திரும்ப, ராணி பி2-ஐ வெட்டுகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் ராணியை மந்திரி என்பார்கள். குழப்பம் வேண்டாம், நான் சொல்வது ராணியைத்தான்.

உங்கள் நண்பர்கள் இந்த இடத்தில் ராணியை விரட்டலாம் என்று பிஷப்பை சி3-க்கு நகர்த்தியிருப்பார்கள். உடனே கருப்புப் பிஷப் பி4-க்கு வருகிறது. சி3 பிஷப் விலகினால் ராஜாவுக்கு செக் விழும் என்பதால், அது ராணியை வெட்ட முடியாமல் கட்டுண்டு நிற்கிறது. வெள்ளை ராணி டி2-க்கு வந்து காத்தாலும், கருப்பு சி3-இல் வெட்டி, வெள்ளை ராணி திருப்பி வெட்டியதும், கருப்பு ராணி சி1-இல் இறங்கி செக்மேட் கொடுக்கிறது. சி2-இல் தன் சிப்பாயே வழியை மறைப்பதால் சி3-இல் நிற்கும் வெள்ளை ராணியால் சி1-ஐ எட்ட முடிவதில்லை. ராணிக்குப் பதில் குதிரையால் வெட்டியிருந்தாலும் ஏ1 யானை போயிருக்கும். மிக அழகான முடிவு இது; மேட்டை மட்டும் மனப்பாடம் செய்யாமல், அந்தக் கட்டு எப்படி உருவாகிறது என்பதைப் பலகையில் வைத்துப் பாருங்கள்.

அக்கா வைத்தது சி3-இல் குதிரை. அதனால் வெள்ளை ராணிக்கு முதல் வரிசை திறந்து, ஏ1 யானைக்குக் காவல் கிடைத்துவிடுகிறது. அடுத்து யானை பி1-க்கு வந்து உங்கள் ராணியைத் துரத்தும், குதிரை டி5-க்குப் பாய்ந்து சி7-ஐக் குறிவைக்கும். நீங்கள் பிஷப்பை பி4-க்கு விட்டால், யானை பி1, ராணி ஏ3, யானை பி3, ராணி ஏ5 என்று போகும். எண்ணிப் பாருங்கள்: கருப்பு ஆடிய எட்டு நகர்த்தல்களில் ஐந்து ராணியின் நகர்த்தல்கள். ஒரு சிப்பாய் கொடுத்து ஒன்றை வாங்கிவிட்டீர்கள், சிப்பாய்க் கணக்கு சமம்தான். ஆனால் உங்கள் ராஜா கோட்டை கட்டவில்லை (யானையோடு இடம் மாறிப் பாதுகாப்புக்குப் போகவில்லை), ஜி8 குதிரை இன்னும் அசையவில்லை, ஆட்டம் முழுவதும் வெள்ளையின் கையில்.

அதனால் ஐந்து நிமிட ஆட்டத்தில், எதிராளி இதை அறியாதவர் என்றால் தாராளமாக ஆடுங்கள். நீண்ட நேரப் போட்டியில் இதை நம்பி உட்காராதீர்கள். அங்கே எதிரில் இருப்பவருக்கு யோசிக்க நேரம் உண்டு, குதிரையைக் கண்டுபிடித்துவிடுவார். கோத்தகிரியில் என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் வைத்திருக்கும் நிபந்தனை ஒன்றுதான்: குதிரை சி3-க்கு வந்த பிறகான அந்த நிலையைக் கருப்பில் அமர்ந்து பத்து முறை ஆடிப் பார்க்க வேண்டும், அதில் தாக்குப்பிடிக்கிறவர் மட்டும் பொறியை வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே விளையாட முடியாத மாலைகள் நமக்கு நிறைய இருக்கின்றன, அக்காவும் வீட்டிலேயே இருக்கிறார்.

இதே பொறி உங்கள் வெள்ளைக் காய்களுக்கு எதிராக வந்தால், நான்காவது நகர்த்தலிலேயே பிஷப்பை விட்டுக் குதிரையை சி3-இல் வையுங்கள். அப்போது ராணி பி4-க்கு வந்தாலும் செக் இல்லை, தாக்குவதற்கு எஃப்4-இல் பிஷப்பும் இல்லை. கருப்பு இ5 சிப்பாயைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். எடுக்கட்டும், உங்கள் காய்கள் அதற்குள் முன்னேறியிருக்கும்.