அவிச்ச முட்டையில பிசங்கா எழுதலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். கனடா பிரெய்ரி புல்வெளி பத்தின நம்ம தொடர்ல, ஆல்பர்ட்டா மாகாணத்து வெக்ரெவில் ஊர்ல நிக்கிற அந்தப் பெரிய அலுமினிய முட்டையையும், உக்ரைன் வழி வந்த குடும்பங்கள் எழுதுற பிசங்கா முட்டைகளையும் பார்த்தோம். பிசங்கான்னா, முட்டை ஓட்டுல மெழுகால கோடு எழுதி, சாயத்துல முக்கி நிறம் ஏத்துற ஈஸ்டர் முட்டை. அதுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசை விட்டுப் போகவே இல்ல. ஒரு சகோதரி எழுதியிருக்காங்க: "உங்க பதிவைப் பார்த்துட்டு ஒரு முட்டையை அவிச்சு, சாதா மெழுகுவர்த்தி மெழுகால கோடு போட்டு, சிவப்புச் சாயத்துல முக்கினேன். சாயம் திட்டுத்திட்டா ஒட்டுச்சு. கறுப்பா தெரிஞ்ச கோடெல்லாம் கடைசியில வெள்ளையா வந்துடுச்சு. மூணாவது வாரம் நாத்தம் தாங்கல. அவிச்ச முட்டைக்கே இந்தக் கதின்னா, பச்சை முட்டையில எழுதி வருஷக்கணக்குல எப்படி வெச்சிருக்காங்க?"

செஞ்சு பார்த்துட்டுக் கேட்ட கேள்வி இது. அதனால ஒவ்வொண்ணா எடுத்துப் பார்ப்போம்.

முதல்ல நாத்தம். பச்சை முட்டை கெட்டுப்போகும், அவிச்சது தாங்கும்னு நாம நெனைக்கிறோம். இந்த வேலையில அது தலைகீழ். பச்சை முட்டையோட வெள்ளைக்கருவுல லைசோசைம்னு ஒரு புரதம் இருக்கு, அது கிருமியைத் தடுக்கும். அவிச்சா அந்தக் காவல் போயிடும். கொதிக்கும்போது ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத விரிசலும் விழலாம், அதுவழியா கிருமி உள்ள போகும். உள்ள ஈரமான, வெந்த, காவல் இல்லாத தீனி. மூணு வாரம் தாங்கினதே பெருசு.

விரிசல் இல்லாத பச்சை முட்டையில என்ன நடக்குதுன்னா, ஓட்டுல இருக்கிற ஆயிரக்கணக்கான நுண்துளை வழியா ஈரம் கொஞ்சங்கொஞ்சமா வெளியேறும். சில வருஷம் போனா உள்ள எல்லாம் வத்தி ஒரு சின்னக் கட்டியா ஆயிடும். காதுகிட்ட வெச்சு ஆட்டினா கடகடன்னு சத்தம் கேக்கும். ஆனா அதுவரைக்கும் அந்த முட்டை மூச்சு விடணும். டப்பாவுல போட்டு இறுக்கி மூடாதீங்க, வெயில் படுற ஜன்னல்ல வைக்காதீங்க. உள்ள வாயு சேர்ந்தா வெடிக்கும். வெடிச்சா அந்த அறையையே ரெண்டு நாள் மூடி வைக்க வேண்டியதுதான். அப்பப்போ புரட்டியும் வைக்கணும், இல்லன்னா கரு ஒரே பக்கமா படிஞ்சு காயும்.

நம்ம ஊர் வெயிலுக்கு நான் சொல்றது: பச்சையா எழுதுங்க, எழுதி முடிச்சதும் காலி பண்ணிடுங்க. இப்போ நிறைய பேர் அப்படித்தான் செய்றாங்க. முதல்ல வார்னிஷ் அடிச்சு நல்லா காயவிடணும். அப்புறம் அடியில ஒரு சின்ன ஓட்டை போட்டு, ஊசி வழியா காத்தை உள்ள செலுத்தினா கரு அதே ஓட்டை வழியா கீழ வடியும். தண்ணி விட்டுக் கழுவிக் கவுத்து வெச்சிடலாம். வார்னிஷ் முதல்ல, காலி பண்றது அப்புறம். மாத்திப் பண்ணினா வடியுற கருவும் தண்ணியும் சாயத்தைக் கரைச்சுடும். வார்னிஷும் எண்ணெய் வகையா இருக்கணும். தண்ணியில கரையுற வகையைத் தடவினா, பிரஷ்ஷோடயே உங்க பூ வேலையும் வழிஞ்சு வரும்.

அப்போ எழுதுறதுக்கு முன்னாடியே காலி பண்ணிடலாமேன்னு கேப்பீங்க. பண்ணலாம். ஆனா காலி முட்டை சாயத்துல மிதக்கும், பாதி முட்டைதான் நனையும். ஓட்டையை மெழுகால அடைச்சு, மேல ஏதாவது பாரம் வெச்சு அமுக்கணும். பச்சை முட்டை தானா முழுகும், சுத்தியும் ஒரே சீரா சாயம் ஏறும்.

அடுத்தது திட்டுத்திட்டா ஒட்டின சாயம். அவிச்ச ஓட்டுல சாயம் சீரா ஏறாது, அது ஒரு காரணம். இன்னொண்ணு, கை எண்ணெய். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைச்சுட்டுத்தான் முட்டையைத் தொடணும், இல்லன்னா விரல் ரேகை வெளுப்பா விழும். அதே நேரம் முட்டையைச் சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது. ஒரு கப் தண்ணியில ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து, அதுல லேசா முக்கி எடுத்து டிஷ்யூவால ஒத்தி எடுங்க, தேய்க்க வேண்டாம். ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த முட்டையா இருந்தா சில மணி நேரம் வெளிய வைங்க. குளிர்ந்த முட்டைக்கு மேல வேர்க்கும், வேர்த்த ஓட்டுல மெழுகு பிடிக்காது.

மெழுகும் ஒரு விஷயம். கடையில விக்கிற மெழுகுவர்த்தி பெரும்பாலும் பாரஃபின், சீக்கிரம் உடைஞ்சு உதிரும். உதிர்ந்த இடத்துல சாயம் புகுந்துடும். இதுக்குத் தேன்மெழுகுதான் வேணும். மெழுகுவர்த்தி சுடரை மட்டும் குடுத்தா போதும்.

இனி நீங்க எழுதினதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி: "கறுப்பா தெரிஞ்ச கோடெல்லாம் வெள்ளையா வந்துடுச்சு." போன பதிவுல சொன்னேன், இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்: பிசங்காவுல நீங்க நிறம் பூசலை, நிறத்தை மூடுறீங்க. மூடினது மிஞ்சும். கோடு போடும்போது அது கறுப்பா தெரியுதே, அது சுடரோட கரி கலந்த மெழுகு. கண்ணுக்கு அடையாளம் தெரியுறதுக்கு மட்டும்தான் அந்தக் கறுப்பு. அதுக்கு அடியில என்ன நிறம் இருந்துச்சோ அதுதான் கடைசியில வரும். உங்க முட்டையில அடியில இருந்தது வெள்ளை ஓடு, அதனால வெள்ளைக் கோடு. நீங்க தப்பு பண்ணலை, முறைப்படிதான் வந்திருக்கு. பாத்திக் துணி வேலை தெரிஞ்சவங்களுக்கு இது உடனே பிடிபடும், ரெண்டும் ஒரே தத்துவம்.

ஒரு கோதுமைக் கதிரை மட்டும் எடுத்துப் பார்ப்போம். பிரெய்ரியில ரொம்பப் பிரியமா எழுதுற உருவம் அது. கறுப்புப் பின்னணி, வெள்ளைத் தண்டு, மஞ்சள் மணி, பச்சை இலை, ஓரத்துல ஒரு சிவப்புப் பட்டை.

வெள்ளை முட்டையில முதல்ல தண்டு மட்டும். கையில கிஸ்த்கா இருக்கும், அதாவது ஒரு குச்சி நுனியில கம்பியால கட்டின சின்னப் பித்தளைப் புனல். அதைச் சுடர்ல காட்டி, தேன்மெழுகுக் கட்டியில குத்தி எடுத்து, ஒரு காகிதத்துல கோடு இழுத்துப் பார்த்துட்டு அப்புறம் முட்டையில வைக்கணும். இப்படிப் பார்க்கலைன்னா முதல் சொட்டு பெருசா விழும். விழுந்த சொட்டைச் சுரண்டினாலும் ஓட்டுல மெழுகுப் பசை தங்கும், அங்க சாயம் ஏறாது. அதனால சொட்டு விழுந்துச்சுன்னா அதை ஒரு பூவாவோ புள்ளியாவோ ஆக்கிடுறதுதான் வழி. கோடு இழுக்கும்போது கை நிக்கட்டும், முட்டை சுத்தட்டும்.

தண்டை மூடியாச்சு. மஞ்சள் சாயத்துல முக்குறோம். எடுத்து ஒத்தி, மணிகளை மெழுகால நிரப்புறோம். இப்போ மஞ்சள் அதுக்கடியில பத்திரம். அடுத்து பச்சை. இதுல முட்டையை முக்கக் கூடாது. சின்ன பிரஷ்ஷால இலை இருக்கிற இடத்துல மட்டும் பச்சையைத் தொட்டு வெச்சு, காய்ஞ்சதும் மூடணும். அப்புறம் ஆரஞ்சுல ஒரு முக்கு. படத்துல ஆரஞ்சே இல்லையே, எதுக்கு? ஓரத்துல கசிஞ்ச பச்சையை ஆரஞ்சு மறைச்சுடும். அப்படிப் பண்ணாம நேரா சிவப்புக்குப் போனா அந்த ஓரம் பழுப்பாயிடும். பிறகு சிவப்பு, பட்டையை மூடு. கடைசியில கறுப்பு. வெளுப்புல இருந்து அடர்த்திக்குப் போற இந்த வரிசையை மாத்தவே முடியாது, ஏன்னா கறுப்பு மேல மஞ்சள் ஏறாது.

சாயத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. பொட்டலச் சாயத்தை ஒன்றரைக் கப் கொதிநீர்ல கரைச்சு, ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்க்கிறது வழக்கம். ஆரஞ்சுக்குப் பொதுவா வினிகர் வேண்டாம். முழுசா ஆறினதுக்கு அப்புறம்தான் முட்டை உள்ள போகணும். வெதுவெதுப்பா இருந்தாக்கூட மெழுகு இளகும். ஒவ்வொரு நிறத்துக்கும் அஞ்சுல இருந்து பதினஞ்சு நிமிஷம். இது சாப்பிடுற சாயம் இல்ல, ஸ்பூனைத் தனியா வைங்க.

எல்லாம் முடிஞ்சா கையில இருக்கிறது கரிக்கட்டை மாதிரி ஒரு உருண்டை. முதல் தடவை செய்றவங்க இங்கதான் மனசு விட்டுடுவாங்க. முட்டையைச் சுடருக்குப் பக்கவாட்டுல பிடிங்க, மேல பிடிச்சா கரி படியும். மெழுகு பளபளக்கிற நொடியில டிஷ்யூவால துடைங்க. ஒரே இடத்துல ரொம்ப நேரம் காட்டினா ஓடு விரியும். ஒரு துடைப்புக்கு ஒரு விரல் அகலம் திறக்கும்: வெள்ளைத் தண்டு, மஞ்சள் மணி, பச்சை இலைன்னு. அதைப் பார்க்கிறதுக்காகவே அடுத்த முட்டையை எடுப்பீங்க.

கிஸ்த்காவைப் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, வாங்கித்தான் ஆகணுமான்னு. புதுசா குடியேறின காலத்துல ஷூ லேஸ் நுனியில இருக்கிற உலோகக் குழாயைக் கழட்டிக் குச்சியில கட்டி எழுதியிருக்காங்க. சாயத்துக்கு வெங்காயத் தோல். அப்புறம் கடையில கிடைச்ச கலர் கிரேப் காகிதத்தைத் தண்ணியில ஊறவெச்சு இறக்கின நிறம். வேலைக்கு வேண்டிய முட்டை, மெழுகு, நெருப்பு மூணும் வீட்டுலயே இருந்துச்சு.

இங்க எனக்கு இன்னொரு கேள்வி நிக்குது, யாரும் கேக்காத கேள்வி. உக்ரைன் முட்டை ஏன் கனடா புல்வெளியில இவ்வளவு அழுத்தமா நின்னுச்சு?

1891ல, இன்னைய மேற்கு உக்ரைன்ல இருக்கிற நெபிலிவ்ங்கிற கிராமத்துல இருந்து இவான் பிலிப்பிவ், வசில் எலினியாக்னு ரெண்டு பேர் கனடாவுக்கு வந்தாங்க. அடுத்த இருபது சொச்சம் வருஷத்துல, அப்போ ஆஸ்திரியப் பேரரசுக்குள்ள இருந்த கலீசியா, புக்கோவினா பகுதிகள்ல இருந்து லட்சத்துக்கும் மேல வந்தாங்க. 1872ல வந்த நிலச் சட்டப்படி பத்து டாலர் கட்டினா 160 ஏக்கர். திறந்த புல்வெளியில மரம் கிடையாது. அதனால இவங்க பெரும்பாலும் புல்வெளிக்கு வடக்கு ஓரத்துல, ஆஸ்பென் மரத்தோப்பு இருக்கிற நிலத்தைப் பிடிச்சாங்க. விறகும் வீட்டுக்கு மரமும் தண்ணியும் வேணுமே. ஒரே ஊர்க்காரங்க பக்கம் பக்கமா நிலம் வாங்கினதால பேச்சு, சமையல், நோன்பு எல்லாம் அப்படியே கூட வந்துச்சு. ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாள் ராத்திரியில எழுதுறதுதான் பிசங்கா. பிசாட்டின்னா எழுதுறதுன்னு அர்த்தம், அதான் வரையுறதுன்னு சொல்லாம எழுதுறதுன்னே சொல்றோம். அவிச்சு ஒரே நிறம் ஏத்திச் சாப்பிடுற முட்டைக்கு வேற பேர், க்ரஷங்கா. சகோதரி, நீங்க க்ரஷங்கா முட்டையில பிசங்கா எழுதியிருக்கீங்க!

சோவியத் ஆட்சியில சொந்த மண்ணுல இதை ஒடுக்கினப்போ, கடல் தாண்டிப் போனவங்க வீடுகள்ல இது நிக்காம நடந்துச்சு. 2024ல யுனெஸ்கோவோட பண்பாட்டு மரபுப் பட்டியல்ல இது ஏறினதுல அந்தப் பாட்டிமார் கைக்கும் பங்கு உண்டுன்னு நான் உறுதியா நம்புறேன்.

வெக்ரெவில் முட்டை 1975ல எழும்பினது. கணினி விஞ்ஞானி ரொனால்ட் ரெஷ் வடிவமைச்சது. முட்டை வளைவைத் தட்டைத் தகடால கட்டுறது சுலபமில்ல, ஒரு முனை கூர், ஒரு முனை மொண்ணை. 2,208 சமபக்க முக்கோணம், 524 மூணுமுனை நட்சத்திரம், எல்லாம் அலுமினியம். காத்தடிச்சா திரும்பும். முக்கோணம்ங்கிறது பழைய பிசங்கா எழுத்துதான். முட்டையை மூணு வளையத்தால பிரிச்சா எட்டு முக்கோணம், ஒவ்வொண்ணுலயும் மூலையில இருந்து எதிர்ப் பக்க நடுவுக்குக் கோடு போட்டா ஆறாறு, ஆக 48. ஆனா அந்த வடிவத்துக்கு வழக்குல பேர் நாற்பது முக்கோணம். பென்சில்ல லேசா வளையம் போட்டுப் பாருங்க. ரப்பர் மட்டும் வேண்டாம், அழிச்ச இடத்துல சாயம் கறையா நிக்கும்.

உக்ரைன்காரங்க குடியேறின அந்த நிலம் வெறும் நிலம் இல்ல. அது கிரீங்கிற பழங்குடி மக்களோட மண், 1876ல அவங்களோட அரசு போட்ட ஆறாம் ஒப்பந்தப் பகுதி. குடியேறின உக்ரைன் பெண்கள் தலையில கட்டின பூப்போட்ட துணியைக் கிரீ பெண்களும், பழங்குடி–ஐரோப்பியக் கலப்பு வழி வந்த மெட்டீ பெண்களும் வாங்கிக் கட்ட ஆரம்பிச்சு, இன்னைக்கு அது அவங்க அடையாளமாவே ஆயிடுச்சு. பேர் கோக்கம் ஸ்கார்ஃப். கிரீ மொழியில நோக்கம்னா என் பாட்டி, கோக்கம்னா உன் பாட்டி. சங்கத் தமிழ்ல யாய்னா என் தாய், ஞாய்னா உன் தாய் இல்லையா, அதே மாதிரி. மெட்டீ மக்களுக்கு ஏற்கெனவே பாசிமணிப் பூ வேலை இருந்துச்சு. ரெண்டு ஊசி வேலை அது: ஒரு நூல்ல மணி கோத்து வளைவுல படுக்க வைப்பாங்க, இன்னொரு ஊசி ரெண்டு மூணு மணிக்கு ஒருதரம் அந்த நூலைத் துணியோட பிடிச்சுத் தைக்கும். இடைவெளி கூடினா இதழோட வளைவு கோணிடும். பூவை இவ்வளவு பிரியமா தைக்கிறவங்க அந்தத் துணியைக் கண்டதும் விரும்பினதுல எனக்கு ஆச்சரியமே இல்ல. அந்த மணி வேலைக்குத் தனியா ஒரு பதிவு போடணும்.

சரி, சகோதரிக்கு. நாத்தம் வர்ற அந்த முட்டையைக் காலி பண்ணப் பார்க்காதீங்க, உள்ள வெந்து கட்டியா இருக்கு, வராது. ரெண்டு பையில கட்டி வெளிய போட்டுடுங்க. அடுத்ததுக்கு விரிசல் இருக்கான்னு இருட்டுல டார்ச் வெச்சுப் பாருங்க. வெள்ளையும் சிவப்பும் ரெண்டே நிறம் போதும், மெழுகு மட்டும் தேன்மெழுகா இருக்கட்டும். எழுதி முடிச்சதும் படம் அனுப்புங்க.