எழுபது ஏன் நூறை வெல்கிறது? கிருமிநாசினிகளின் வேதியியல்

[காட்சி: முழங்கையின் உள்பக்கம், மிக அருகில். ஸ்பிரிட் நனைத்த பஞ்சு தோலைத் துடைக்கிறது.]

ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டியிருக்கிறீர்கள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சு தோலில் பட்டதும் சில்லென்று இருக்கிறது. துடைத்த இடம் பளபளக்கிறது. அந்தப் பளபளப்பு ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி, நடுவில் ஒரு பொட்டளவு ஈரமாக நின்று, பிறகு அதுவும் மறைகிறது. அதுவரை ஊசியை எடுக்காமல் காத்திருப்பவர் தன் தொழிலை நன்கு அறிந்தவர். 30 நொடி துடைத்து, பிறகு முழுவதும் காய விட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பஞ்சு பட்ட கணத்திலேயே எல்லாக் கிருமிகளும் செத்துவிடுவதில்லை. அந்தக் காத்திருப்பும் சிகிச்சையின் ஒரு பகுதி.

இப்போது அந்த ஸ்பிரிட் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். 70 சதவீதம் ஆல்கஹால் என்று போட்டிருக்கும். மீதி பெரும்பாலும் தண்ணீர். செலவைக் குறைக்கத் தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 100 சதவீத ஆல்கஹாலைவிட இதுதான் கிருமிகளை நன்றாகக் கொல்கிறது.

காட்டம் கூடினால் பலனும் கூடும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. மூக்கைத் துளைக்கும் வாசனையும், புண்ணில் பட்டதும் சுரீரென்ற எரிச்சலும் இருந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று நம்புகிறோம். ஆல்கஹால், அயோடின், குளோரின் ஆகிய மூன்று பழைய மருந்துகளும் அந்த எண்ணத்தைத் தவறென்று காட்டுகின்றன.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் எல்லாவற்றையும் கிருமிநாசினி என்று சொல்லிவிடுகிறோம். மருத்துவத்தில் இவை இரண்டு வகை. தோல், புண் போன்ற உயிருள்ள திசுக்களில் பயன்படுத்துவது ஆன்டிசெப்டிக். தரை, மேசை, கருவிகள் போன்ற உயிரற்றவற்றில் பயன்படுத்துவது டிஸின்ஃபெக்டன்ட். ஆன்டிசெப்டிக் கிருமியையும் கொல்ல வேண்டும், பக்கத்தில் இருக்கும் நம் செல்லையும் விட்டுவைக்க வேண்டும். தரைக்கு ஊற்றுவதைப் புண்ணில் ஊற்றக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

[காட்சி: சுருண்டு மடிந்த நூல்கண்டு போன்ற ஒரு புரத மூலக்கூறு. அனிமேஷன்.]

ஆல்கஹாலிடம் வருவோம். பாக்டீரியாவின் உள்ளே எல்லா வேலைகளையும் செய்வது புரதங்கள். ஒவ்வொரு புரதமும் ஒரு நீண்ட இழை. அது குறிப்பிட்ட ஒரு வடிவத்தில் மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். தண்ணீரைப் பிடிக்காத பகுதிகள் உள்ளே ஒளிந்துகொள்ளும், தண்ணீரோடு ஒட்டும் பகுதிகள் வெளியே நிற்கும். ஆல்கஹால் மூலக்கூறுக்கு இரண்டு முகங்கள். ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெய்ப்பசையோடு சேரும். அது புரதத்தின் மடிப்புகளுக்குள் நுழைந்து முடிச்சுகளை அவிழ்த்துவிடுகிறது. அவிழ்ந்த புரதங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கட்டியாகின்றன. வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு மறுபடியும் நீர்மம் ஆவதில்லை. அதே நிலைதான் இங்கும்.

இந்த அவிழ்ப்புக்குத் தண்ணீர் தேவை. தண்ணீரே இல்லாத ஆல்கஹால் பாக்டீரியாவின் ஈரத்தை உறிஞ்சி, வெளிப்புறப் புரதங்களைச் சட்டென்று இறுகச் செய்துவிடுகிறது. உட்புறம் தப்பித்துக்கொள்ள வழி கிடைக்கிறது. போதாக்குறைக்கு, சுத்த ஆல்கஹால் விரைவாக ஆவியாகிவிடும். வேலையை முடிக்க நேரமே இருப்பதில்லை. 60 முதல் 90 சதவீதம் வரை ஆல்கஹால் நன்றாக வேலை செய்யும். 50 சதவீதத்துக்குக் கீழே போனால் வலு மளமளவென்று சரிகிறது. வீட்டில் சானிடைசரில் தண்ணீர் ஊற்றி நீட்டிப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

கையில் தடவும் சானிடைசருக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் செய்முறையில் 80 சதவீதம் எத்தனால், 1.45 சதவீதம் கிளிசரால், 0.125 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடு. கிளிசரால் தோல் வறண்டுபோகாமல் இருக்க. அந்தத் துளி பெராக்சைடு எதற்கு? கையைச் சுத்தப்படுத்த அல்ல, சானிடைசரையே சுத்தப்படுத்த. சில பாக்டீரியாக்கள் ஸ்போர் என்னும் கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும். ஆல்கஹால் அவற்றை அசைக்காது. கலக்கும்போதோ பாட்டிலிலிருந்தோ ஸ்போர்கள் கலந்துவிட்டால் அவற்றை அழிக்கத்தான் பெராக்சைடு. கடும் வயிற்றுப்போக்கைத் தரும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா பரவும் வார்டில், ஸ்போர்கள் சானிடைசருக்குச் சாவதில்லை என்பதால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள்.

[காட்சி: பழைய மருத்துவமனை வார்டின் கோட்டோவியம். 1847 என்ற எழுத்து.]

கிருமி என்பதே தெரியாத காலத்தில் கிருமிநாசினியைக் கண்டடைந்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பயிலும் முதல் வார்டில் தாய்மார்கள் பிரசவ ஜன்னியில் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். மருத்துவச்சிகள் பயிலும் இரண்டாம் வார்டில் சாவு மிகக் குறைவு. முதல் வார்டில் பணியாற்றிய இக்னாஸ் செம்மெல்வைஸ் இதை நினைத்து நிம்மதி இழந்தார். 1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கோலெட்ஷ்கா பிரேதப் பரிசோதனையின்போது கத்தி கீறி இறந்தார். அவர் உடலில் கண்ட மாற்றங்கள், ஜன்னியில் இறந்த தாய்மார்களின் உடலில் கண்டவை போலவே இருந்தன. செம்மெல்வைஸுக்குப் பொறி தட்டியது. மாணவர்கள் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வருகிறார்கள், அவர்கள் கையோடு ஏதோ ஒன்று வருகிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் பிணவாடை போகவில்லை. வாடையைப் போக்கியது குளோரின் ஏற்றிய சுண்ணாம்பு. நாம் பிளீச்சிங் பவுடர் என்று அறிந்த அதே பொருள்.

1847 ஏப்ரலில் முதல் வார்டில் 100 தாய்மார்களில் 18 பேர் இறந்தார்கள். மே மாதத்தில் கைகழுவல் கட்டாயமானது. ஜூனில் இறப்பு 100க்கு ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. ஆனாலும் மருத்துவர்களின் கைகளே தாய்மார்களைக் கொன்றன என்பதை ஏற்க அன்று பலருக்கும் மனமில்லை. செம்மெல்வைஸ் மனம் நொறுங்கி, மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டு, 1865 ஆகஸ்ட் 13 அன்று இறந்தார்.

அதற்கு முந்தைய நாள் கிளாஸ்கோவில் ஜோசஃப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், வண்டிச் சக்கரம் ஏறி எலும்பு வெளியே வந்த 11 வயதுச் சிறுவனின் காலில் கார்பாலிக் அமிலம் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். அன்றைய நாளில் அப்படிப்பட்ட முறிவுக்குக் காலை வெட்டுவதே வழக்கம். லிஸ்டர் நான்காம் நாள் கட்டைப் பிரித்தபோது சீழ் இல்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

கார்பாலிக் அமிலத்தின் இன்னொரு பெயர் ஃபீனால். அது கிருமியின் சவ்வைக் கிழித்துப் புரதத்தைக் கெடுக்கும். நம் தோலையும் அதேபோல் அரிக்கும். அதனால்தான் புண்களில் இன்று அதற்கு இடமில்லை.

[காட்சி: கண்ணாடிக் குவளையில் அடர் பழுப்பு நிறக் கரைசல். அதில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது.]

அடுத்து அயோடின். புண்களில் தடவும் பழுப்பு நிற போவிடோன் அயோடின் 1950களில் வந்தது. அதற்கு முன் ஆல்கஹாலில் கரைத்த டிங்க்சர் அயோடின்தான். அது எரியும், தோலில் கறை பிடிக்கும். போவிடோன் ஒரு பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு. அது அயோடினைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. 10 சதவீதக் கரைசலில் கிடைக்கக்கூடிய அயோடின் 1 சதவீதம். பாலிமரின் பிடியில் இல்லாமல் திரியும் அயோடின் அதிலும் மிக மிகச் சொற்பம். அந்தச் சொற்பம்தான் கொல்கிறது. அது செலவாகச் செலவாகப் பாலிமர் புதிதாக அவிழ்த்துவிடுகிறது.

இந்தக் கரைசலில் தண்ணீர் ஊற்றினால் பாலிமரின் பிடி தளர்கிறது, சுதந்திரமான அயோடின் அதிகமாகிறது. 10 சதவீதக் கரைசலில் இருப்பதைவிட, 0.1 சதவீதமாக நீர்த்த கரைசலில் கொல்லும் அயோடின் கூடுதல். வேதியியலில் என்னை மிகவும் வியக்க வைத்த விஷயங்களில் இது ஒன்று. ஆனால் உடனே வீட்டில் நீர்க்கத் தொடங்கிவிட வேண்டாம். நீர்த்ததில் கையிருப்பு குறைவு. ரத்தமும் சீழும் பட்டால் அயோடின் அவற்றோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். பழுப்பு நிறம் வெளிறுவது அயோடின் தீர்ந்துகொண்டிருப்பதன் அடையாளம். பச்சிளம் குழந்தைகளுக்கு இதைத் தாராளமாகப் பூசக் கூடாது. தோல் வழியே உள்ளே போகும் அயோடின் தைராய்டைப் பாதிக்கும்.

மூன்றாவது, குளோரின் தரும் பிளீச் திரவம். இதன் வேதிப்பெயர் சோடியம் ஹைப்போகுளோரைட். தண்ணீரில் இது இரண்டு வடிவங்களாக இருக்கிறது. ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம், மற்றது எதிர்மின்னேற்றம் கொண்ட ஹைப்போகுளோரைட் அயனி. பாக்டீரியாவின் மேற்பரப்பிலும் எதிர்மின்னேற்றமே இருப்பதால் அயனியை அது தள்ளிவிடுகிறது. மின்னேற்றம் இல்லாத அமிலமோ தடையின்றி உள்ளே போய்விடுகிறது. ஆகவே கொல்வதில் அமிலம் பல மடங்கு வலியது. பாட்டிலில் உள்ள அடர்ந்த பிளீச் மிகுந்த காரத்தன்மை உடையது, அதில் அயனியே அதிகம். தண்ணீரில் நீர்க்கும்போது காரத்தன்மை குறைந்து அமிலத்தின் பங்கு உயர்கிறது. இங்கும் நீர்த்தல் துணைக்கு வருகிறது.

இந்த அமிலத்தை மனிதன் கண்டுபிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே நம் உடல் தயாரித்துக்கொண்டிருந்தது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் பாக்டீரியாவை விழுங்கி, உள்ளே ஒரு நொதியின் உதவியால் ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உண்டாக்கிக் கொல்கின்றன.

துடைக்கும் மேற்பரப்புகளுக்கு 0.1 சதவீத பிளீச் போதும். ரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம். ரத்தத்தை முதலில் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே வீணாகிவிடும். வெளிச்சத்திலும் சூட்டிலும் வலு குறைவதால் அன்றன்றைக்குக் கலக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கழிப்பறை சுத்தம் செய்யும் அமிலத்தோடு பிளீச்சை ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள திரவத்தோடு கலந்தால் குளோரமைன் வாயுக்கள் வரும். இரண்டும் நுரையீரலைத் தாக்கும். கதவை மூடிக்கொண்டு சிறிய குளியலறையில் செய்தால் உயிருக்கே ஆபத்து.

[காட்சி: கூட்டல் குறி தாங்கிய மூலக்கூறுகள் கழித்தல் குறி தாங்கிய பாக்டீரியாவில் ஒட்டுகின்றன.]

குளோர்ஹெக்சிடின் வேறு ரகம். இதன் மூலக்கூறில் நேர்மின்னேற்றம். பாக்டீரியாவில் போய் ஒட்டிக்கொண்டு சவ்வைக் கிழிக்கிறது. தோலிலும் ஒட்டிக்கொள்வதால் பல மணி நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் தோலைத் தயார் செய்ய 2 சதவீதக் குளோர்ஹெக்சிடினை 70 சதவீத ஆல்கஹாலில் கலக்கிறார்கள். ஆல்கஹால் உடனே கொல்கிறது, குளோர்ஹெக்சிடின் காவல் காக்கிறது. பச்சிளம் குழந்தையின் தொப்புள்கொடியில் தடவும் 7.1 சதவீதக் குளோர்ஹெக்சிடின் டைகுளுக்கோனேட் 2013இல் உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தைகளுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. சாதாரண சோப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது என்பதால் குளோர்ஹெக்சிடினை முடக்கிவிடும். நடுக்காதுக்குள் குளோர்ஹெக்சிடின் போனால் கேட்கும் திறனே போகலாம்.

நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பற்றிக் கேட்பீர்கள். புண்ணில் ஊற்றியதும் புஸ்ஸென்று வெள்ளை நுரை பொங்கும். கிருமிகள் சாகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். நம் ரத்தத்திலும் செல்களிலும் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. நுரை அந்த ஆக்சிஜன்தான். கிருமியே இல்லாத ரத்தத்திலும் இதே நுரை வரும். புண் ஆறத் தேவையான செல்களையும் பெராக்சைடு கெடுப்பதால், சாதாரணச் சிராய்ப்புக்குச் சுத்தமான ஓடும் தண்ணீரே நல்லது.

அறுவைக் கருவிகளுக்கு வேறு கணக்கு. எர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் வகுத்த முறையை மருத்துவமனைகள் இன்றும் பின்பற்றுகின்றன. உடலின் கிருமியற்ற பகுதிக்குள் போகும் கருவியில் ஸ்போர்கூட இருக்கக் கூடாது. தொண்டை, குடல் போன்ற சளிச்சவ்வைத் தொடுவதற்கு உயர்நிலைக் கிருமிநீக்கம். தோலை மட்டும் தொடும் ஸ்டெதஸ்கோப்பைத் துடைத்தால் போதும். உடலுக்குள் விட்டுப் பார்க்கும் குழாயான, சூடு தாங்காத எண்டோஸ்கோப்பை 2 சதவீத குளுட்டரால்டிஹைடில் ஊற வைப்பார்கள். ஆனால் அதற்கு முன் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். குளுட்டரால்டிஹைடு புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். கழுவாமல் ஊற வைத்தால் அழுக்கே கருவியோடு பிணைந்துவிடும், அதற்குள் கிருமி பத்திரமாக இருக்கும்.

[காட்சி: பாதி காலியான பாட்டிலில் யாரோ மேலும் கரைசலை ஊற்றுகிறார்கள்.]

இந்தக் காட்சியைக் கவனியுங்கள். பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே அதன்மேல் புதிதாக ஊற்றி நிரப்புகிறார்கள். சூடோமோனாஸ், பர்க்ஹோல்டேரியா போன்ற பாக்டீரியாக்கள், பென்சல்கோனியம் குளோரைடு போன்ற கிருமிநாசினிக் கரைசல்களுக்குள்ளேயே உயிரோடு வாழ்ந்து பெருகியதும், அதைத் தடவியதால் நோயாளிகளுக்குத் தொற்று வந்ததும் மருத்துவ இலக்கியத்தில் பலமுறை பதிவாகியிருக்கிறது. அடியில் தங்கும் மிச்சத்தில் அவை பழகிக்கொள்கின்றன. ஆகவே பாட்டில் தீர்ந்ததும் புதியதை எடுக்க வேண்டும். அதே பாட்டிலைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், மிச்சத்தைக் கொட்டி, கழுவி, முழுவதும் காயவைத்த பிறகே நிரப்ப வேண்டும். திறந்த தேதியை லேபிளில் எழுதி வையுங்கள்.