கல்லாப்பெட்டியின் கட்சி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொறுமையாக உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். ஐரோப்பிய மறுமலர்ச்சியை உண்டாக்கியது கலைஞர்களின் மேதைமையா, வணிகர்களின் கணக்குப் புத்தகமா என்பது தலைப்பு. மேதைமையை எதிரணிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு எங்கள் கையில் கல்லாப்பெட்டியைத் திணித்திருக்கிறார் நடுவர். பரவாயில்லை, பெட்டி கனமாகத்தான் இருக்கிறது.

எதிரணித் தலைவர் உருக்கமாக ஒரு கதை சொன்னார். ஆடு மேய்த்த சிறுவன் ஜோட்டோ பாறையில் ஆட்டை வரைந்துகொண்டிருந்தானாம், வழியில் வந்த பெரிய ஓவியர் அதைப் பார்த்து அசந்துபோய் அவனைக் கையோடு கூட்டிப்போனாராம். நல்ல கதை, நீங்களும் கை தட்டினீர்கள். ஆனால் அந்தப் பையன் வளர்ந்த பிறகும் பாறையிலேயே வரைந்துகொண்டிருந்தால் நாம் இன்று அவரைப் பற்றிப் பேசுவோமா? ஜோட்டோவுக்குச் சுவர் கொடுத்தது யார்? இத்தாலியின் பாதுவா நகரத்தில் என்ரிகோ ஸ்க்ரோவெஞ்ஞி என்ற பணக்காரர், 1305 வாக்கில். அவருடைய அப்பா ஊரறிந்த வட்டிக்காரர். எப்பேர்ப்பட்ட வட்டிக்காரர் என்றால், கவிஞர் தாந்தே தன் காவியத்தில் அவரை நரகத்திலேயே உட்கார வைத்துவிட்டார். பெயரைச் சொல்லவில்லை, கழுத்தில் ஒரு பணப்பையை மாட்டி, அதில் குடும்பச் சின்னமான நீலப் பன்றியை மட்டும் போட்டுவிட்டார். ஊருக்குப் புரியாதா என்ன! மகன் தேவாலயம் கட்டினார், ஜோட்டோவை வைத்துச் சுவர் முழுக்க வரைய வைத்தார். அங்கே இறுதித் தீர்ப்பு ஓவியத்தில், சொர்க்கம் போகிறவர்கள் பக்கத்தில், மாதாவுக்கு அந்தத் தேவாலயத்தையே கையில் ஏந்திக் கொடுத்தபடி மண்டியிட்டிருப்பது யார்? சாட்சாத் என்ரிகோவேதான்.

வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை சொன்னது, வட்டி இல்லாமல் வியாபாரம் ஓடாது என்று சந்தை சொன்னது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பயத்தில் பிறந்த கலை எவ்வளவு தெரியுமா? இத்தாலியின் இன்னொரு நகரமான பிளாரன்சில் கோசிமோ தெ மெதிச்சி, பெரிய வங்கிக்காரர், போப்பிடம் போய் மனசு உறுத்துகிறது என்றாராம். சான் மார்க்கோ மடத்துக்கு 10,000 புளோரின், அதாவது பிளாரன்சின் தங்கக் காசு, செலவு செய் என்றாராம் போப். கோசிமோ செலவழித்தது 40,000. இதை எழுதி வைத்தவர் அவரை நன்றாக அறிந்த ஒரு புத்தக வியாபாரி. அந்த மடத்துச் சுவர்களில்தான் ஃப்ரா ஆஞ்சலிகோவின் ஓவியங்கள் இருக்கின்றன, அங்கேதான் 1444-இல் நூலகம் திறந்தார்கள். உறுத்தல் பெரிசு, அதைவிடப் பணப்பை பெரிசு.

சரி, 1401-க்கு வருகிறேன். பிளாரன்சின் ஞானஸ்நானக் கோயிலுக்கு வெண்கலக் கதவு செய்ய வேண்டும். பொறுப்பு துணி வணிகர் சங்கத்திடம். ஏழு பேர் போட்டியிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கருப்பொருள், ஆபிரகாம் மகனைப் பலி கொடுக்கும் காட்சி. கடைசியில் இரண்டு பேரிடம் வந்து நின்றது. ஒருவர் புருனலெஸ்கி, இன்னொருவர் கிபெர்ட்டி, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த, யாருக்கும் தெரியாத பையன். அவர்கள் செய்த இரண்டு பலகைகளும் இன்றைக்கும் பிளாரன்சின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, பார்த்தால் எனக்கே புருனலெஸ்கி பக்கம் மனசு போகும், அப்படி ஒரு வேகம் அதில், தேவதை வந்து ஆபிரகாமின் கையை அப்படியே பிடித்து நிறுத்துகிறது. ஆனால் அவர் உருவங்களைத் தனித்தனியாக வார்த்துப் பலகையில் பொருத்தினார். கிபெர்ட்டியோ ஏறக்குறைய மொத்தத்தையும் ஒரே வார்ப்பில், உள்ளே குடைவாகச் செய்தார். சுமார் ஏழு கிலோ வெண்கலம் மிச்சம். ஒரு பலகைக்கு ஏழு கிலோ என்றால் இருபத்தெட்டு பலகைக்கு எவ்வளவு என்று துணி வணிகர்கள் மனக்கணக்குப் போட்டிருக்க மாட்டார்களா? நான் இருந்திருந்தால் போட்டிருப்பேன். கிபெர்ட்டி ஜெயித்தார். தோற்றவர் பின்னாளில் அதே ஊர்ப் பேராலயத்துக்குக் குவிமாடம் கட்டினார், நாற்பது லட்சத்துக்கு மேல் செங்கல். அதற்கு முதலாளி யார்? கம்பளி வணிகர் சங்கம்.

இங்கே எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஒரு கேள்வி கேட்டார், உண்மையிலேயே நல்ல கேள்வி. "இத்தாலியின் துறைமுக நகரம் ஜெனோவாவிலும் பணம் கொட்டிக் கிடந்ததே, அங்கே ஏன் இப்படி ஒரு கூட்டம் முளைக்கவில்லை?" ஒத்துக்கொள்கிறேன், பணம் மட்டும் போதாது. ஆனால் தலைப்பு பணம் இல்லை ஐயா, கணக்குப் புத்தகம்! கணக்குப் புத்தகம் என்றால் அடுத்த கடைக்காரன் என்ன செய்கிறான் என்று ஒரு கண் வைத்திருப்பது. பிளாரன்சின் ஓர்சான்மிக்கேலே கட்டடத்தின் வெளிமாடங்களில் உங்கள் சங்கத்தின் காவல் புனிதருக்குச் சிலை வையுங்கள், பத்து வருடம் தவணை என்று 1406-இல் சங்கங்களுக்கு உத்தரவு போட்டார்கள். துணி வணிகர்கள் கிபெர்ட்டியை வைத்து வெண்கலத்தில் யோவான் சிலை வைத்தார்கள். வங்கிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அதே கிபெர்ட்டியிடம் போய், எங்கள் மத்தேயு அந்த யோவானைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். இந்த வயிற்றெரிச்சலுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

அப்புறம் இன்னொன்று. பிளாரன்சில் வியாபாரிகளின் பிள்ளைகள் கணக்குப் பள்ளிக்குப் போனார்கள். கணித அறிஞர் பிபொனாச்சி 1202-இல் "இந்தியர்களின் ஒன்பது எண்கள்" என்று எழுதி அறிமுகப்படுத்தினாரே, அந்த எண்களில்தான் மூன்று தொகை தெரிந்தால் நான்காவதைக் கண்டுபிடிக்கும் மூன்றின் விதி, பங்கு லாபம், பீப்பாயின் கொள்ளளவு எல்லாம் படித்தார்கள். ஓவியர் பியெரோ தெல்லா ஃபிரான்செஸ்கா வணிகக் கணக்குக்கு ஒரு நூல் எழுதினார், ஓவியத்தில் தூரம் காட்டும் முறைக்கும் ஒரு நூல் எழுதினார். ஒரே தலை, ஒரே அளவுகோல்.

மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது நடுவரே, லியோனார்டோவோடு முடித்துக்கொள்கிறேன். எதிரணி இவரைத்தானே துருப்புச்சீட்டாக வைத்திருக்கிறது? மிலான் ஆட்சியாளரிடம் வேலை கேட்டு இவர் எழுதிய கடிதத்தில் பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன், கோட்டையைத் தகர்ப்பேன் என்று அடுக்கிவிட்டு, ஓவியமும் வரைவேன் என்பதைக் கடைசியில்தான் வைத்தார். விண்ணப்பம் எழுதத் தெரிந்த மனிதர். 1481-இல் பிளாரன்சுக்கு வெளியே ஒரு மடம், மூன்று ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கும் படத்தை அவரிடம் கேட்டது. அதிகபட்சம் முப்பது மாதத்தில் முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தம். முடிக்கவில்லை, பாதியில் விட்டுவிட்டு மிலானுக்குப் போய்விட்டார். இன்றைக்கும் அந்தப் படம் பழுப்பு நிறத்தில் அரைகுறையாகத்தான் தொங்குகிறது. அதைப் பார்க்கத்தானே கூட்டம் அலைமோதுகிறது என்பீர்கள். அலைமோதட்டும். ஆனால் அந்த நாட்களில் அவர் என்ன பாடுபட்டார் என்பதை நமக்குச் சொன்னது எந்தக் கவிஞனும் இல்லை, மடத்தின் கணக்கு நோட்டு. மடத்துக் கடிகாரத்துக்கு வண்ணம் பூசியதற்குக் கூலியாக லியோனார்டோவுக்கு விறகு என்று ஒரு வரி. அப்புறம் செப்டம்பரில், ஒரு பீப்பாய் சிவப்பு ஒயின் என்று இன்னொரு வரி.