கண்ணாடி இல்லை, வாத்தியார்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பனி விழும் இந்த ராத்திரியிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"சினிமா சமூகத்தின் கண்ணாடியா, வாத்தியாரா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "ஊரில் இருப்பதைத்தானே படத்தில் காட்டுகிறார்கள்? முகம் கோணலாக இருந்தால் கண்ணாடியை ஏன் உடைக்கிறீர்கள்?" என்று கேட்டு நல்ல கைதட்டல் வாங்கினார். நான் பதினெட்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். வாத்தியார் என்ற சொல்லின் பாரம் எனக்குத் தெரியும். அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

எம்.ஜி.ஆரை இந்த ஊர் ஜனங்கள் எப்படிக் கூப்பிட்டார்கள்? வாத்தியார் என்று. அந்தப் பெயரை ஜனங்களே கொடுத்தார்கள். அவரும் அதன் பொறுப்பை உணர்ந்திருந்தார். திரையில் சிகரெட்டையும் மதுவையும் தொடாமல் இருப்பதில் அவ்வளவு கவனமாக இருந்தார். 1977-இல் அதே ஜனங்கள் அவரை முதலமைச்சர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கண்ணாடிக்கு யார் ஓட்டுப் போடுவார்கள், நடுவர் அவர்களே?

சின்ன விஷயத்துக்கு வருகிறேன். என் அம்மாவிடம் ஒரு பழைய பவுடர் டப்பா உண்டு. திறந்தால் கலர் கலராகப் பிளாஸ்டிக் வளையல், இரண்டு பெரிய வட்டக் கம்மல். இன்றைக்கும் அதை நதியா வளையல், நதியா கம்மல் என்றுதான் சொல்வார். 1985-இல் நடிகை நதியா தமிழ் சினிமாவுக்கு வந்தார். கொஞ்ச நாளில் அவர் பெயர் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. அதற்கு நாற்பது வருஷம் முன்னால், தாத்தாக்கள் நடிகர் தியாகராஜ பாகவதரைப் பார்த்துப் பாகவதர் கிராப் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அந்த வட்டக் கம்மல் நதியா வருவதற்கு முன் எங்கள் தெருவில் ஒருத்தர் காதிலும் இருந்ததில்லை என்பார் அம்மா. இல்லாத முகத்தை எந்தக் கண்ணாடி காட்டும்?

வளையலாலும் கம்மலாலும் யாருக்கும் கெடுதல் வரவில்லை. அடுத்து நான் சொல்லப்போவது அப்படிப்பட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இடைவேளையில் என்னிடம் வந்து அழுதாள். பிளஸ் டூ பையன் ஒருவன் நாலு மாசமாகப் பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே வருகிறான். அதற்குப் பயந்து சாயங்காலம் நாலரை பஸ்ஸை விட்டுவிட்டு ஆறு மணி பஸ்ஸில் போகிறாள். அந்தப் பையனை எனக்குத் தெரியும். நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வருவான், கணக்கில் எண்பதுக்குக் குறையாமல் வாங்குவான், பெரியவர்களைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவள்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே?"

"முதல்ல அப்படித்தான் மிஸ் சொல்லுவாங்க. அப்புறம் சரின்னுடுவாங்க."

"யார் சொன்னது?"

"எப்பவுமே அப்படித்தானே மிஸ்?"

அவன் குரலில் திமிர் கொஞ்சமும் இல்லை. ஏழாம் வாய்ப்பாடு சொல்வது போலச் சொன்னான். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

எதிரணி நண்பர்களைக் கேட்கிறேன். இந்த 'எப்பவுமே'யை அந்தப் பிள்ளை எங்கே பார்த்தான்? அவன் அப்பா அம்மா கல்யாணம் பெரியவர்கள் பேசி முடித்தது. அக்காவுக்கு ஜாதகம் பார்த்துச் செய்தார்கள். அவன் தெருவில் ஒரு பெண் பின்னால் நாலு மாசம் நடந்து எவனும் சம்மதம் வாங்கியதில்லை. வீட்டிலும் பார்க்காததை, தெருவிலும் பார்க்காததை, நானும் சொல்லிக்கொடுக்காததை அவனுக்கு நடத்திய வாத்தியார் யார்? துரத்துகிற பையனுக்குப் பாட்டும், வேண்டாம் என்கிற பெண்ணுக்குத் திமிர்ப் பட்டமும் கொடுத்து, இரண்டரை மணி நேரக் கடைசியில் அவளைச் சிரிக்க வைத்து அனுப்புகிற திரைதான்.

"ஜனங்கள் டிக்கெட் வாங்குகிறார்கள், நாங்கள் கொடுக்கிறோம்" என்பது எதிரணியின் இன்னொரு வாதம். ஓட்டல் பலகையில் எழுதியிருப்பதைத்தானே கேட்டு வாங்கிச் சாப்பிட முடியும்? பலகையில் எழுதுகிறவருக்குப் பொறுப்பு இல்லையா? புகை பிடிக்கும் காட்சி வந்தால் கீழே எச்சரிக்கை வாசகம் வர வேண்டும் என்று 2012-லிருந்து விதி இருக்கிறது. பார்க்கிறவன் பாடம் படித்துக்கொள்கிறான் என்று சர்க்காருக்கே தெரிந்துதானே அந்த விதி வந்தது?

வாத்தியார் என்றால் கெட்டதை மட்டும் நடத்துகிறவர் என்று நான் சொல்ல வரவில்லை. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள். 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு, பீகார், ஹரியானா, கோவா என்று கிராமத்துப் பெண்களிடம் திரட்டிய தகவல்களை ஆராய்ந்தார்கள். கேபிள் டிவி புதிதாக நுழைந்த ஊர்களில், புருஷன் அடித்தால் தப்பில்லை என்று சொல்லும் பெண்கள் குறைந்திருந்தார்கள். பிறப்பது ஆண் பிள்ளையாகவே இருக்க வேண்டும் என்ற ஆசையும் குறைந்திருந்தது. கேபிளில் வந்தவை பெரும்பாலும் மாமியார் மருமகள் சண்டைதான். ஆனால் அந்தச் சண்டைக்கு நடுவே, வேலைக்குப் போகிற பெண்ணையும் தன் கையால் பணம் எடுத்துக் கொடுக்கிற பெண்ணையும் அவர்கள் தினமும் பார்த்தார்கள். கூட்டம் போட்டுச் சொல்லி மாறாத மனசு, பார்த்துப் பார்த்தே கொஞ்சம் நகர்ந்தது.

இன்னொன்று என் வகுப்பறைக்கே வந்தது. 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்' என்று 2024-இல் ஒரு சின்ன மலையாளப் படம். கடைசி பெஞ்ச் என்பதே இல்லாமல், சுவரை ஒட்டி எல்லோரையும் ஒரே வரிசையாக உட்கார வைக்கும் யோசனை அதில் வருகிறது. கேரளத்தில் சில பள்ளிகள் அதை அப்படியே செய்தன. 2025 ஜூலையில் நம் பள்ளிக்கல்வித் துறை 'ப' வடிவில் உட்கார வைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. கழுத்து வலிக்கும், இடம் போதாது என்ற எதிர்ப்பும் உடனே வந்தது. நானும் பெஞ்சை நகர்த்திப் போட்டுப் பார்த்தேன். இடம் போதவில்லைதான். ஆனால் ஜூன் மாதத்திலிருந்து கடைசி பெஞ்சில் தலை குனிந்தே இருந்த பையன் அன்றைக்கு எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். பலகையில் எழுதியதைப் படிக்க அவன் கண்ணைச் சுருக்குவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவனுக்குப் பாடம் ஏறவில்லை என்று ஒரு மாசமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் படத்தில் வந்த காட்சி மாநில எல்லையைத் தாண்டி வந்து என் பெஞ்சை நகர்த்தியிருக்கிறது. இதற்கு மேல் நான் என்ன சாட்சி கொண்டுவர?

படைப்பாளிகளுக்கும் இது தெரியும். 2017 பிப்ரவரியில் மலையாள நடிகர் பிருத்விராஜ் வெளிப்படையாகச் சொன்னார்: பெண்களை இழிவு செய்யும் வசனங்களைப் பேசியிருக்கிறேன், அதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன், இனிமேல் என் படங்களில் அதற்கு இடமில்லை என்று. வெறும் கண்ணாடி என்று தன்னை நினைத்திருந்தால் அவர் ஏன் வருந்த வேண்டும்?

அந்தப் பிளஸ் டூ பையனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன், நடுவர் அவர்களே. "வேண்டாம் என்று சொன்ன பெண் கடைசி வரைக்கும் வேண்டாம் என்றே இருந்து, ஹீரோ அதை ஏற்றுக்கொண்டு திரும்பிப் போன படம் ஒன்று சொல்லு, நான் உன்னை விட்டுவிடுகிறேன்." ரொம்ப நேரம் யோசித்தான். மணி அடித்தது, பிள்ளைகள் எல்லோரும் வகுப்புக்குள் போய்விட்டார்கள். அவன் இன்னும் யோசித்துக்கொண்டே நின்றான்.

வணக்கம்.