பட்டாம்பூச்சியில் பால் கறந்த கேம்: ஓடாத கேமை இழுக்கலாமா, மூடலாமா?

(திரையில்: பச்சைப் புல்வெளி. ஒரு பன்றி. அதை நோக்கி மெதுவாக நீளும் ஒரு கை.)

ஒரு கேம் இருந்தது. அதில் கறி வேண்டுமென்றால் பன்றியைக் கொல்ல வேண்டாம். முதலில் தடவிக்கொடுக்க வேண்டும், அப்புறம் லேசாக ஒரு கடி. கறி வந்துவிடும், பன்றி பாட்டுக்குப் போய்விடும். பட்டாம்பூச்சிக்கு மசாஜ் செய்தால் பால் கறக்கலாம். சத்தியமாக நான் எதுவும் அடித்துவிடவில்லை. இந்தக் கேமைச் செய்தவர்கள் 2012இல் ஷட்டரை இறக்கினார்கள். இறக்கிய பிறகு அதே கம்பெனி 2,770 கோடிக்கு விலை போனது. ரூபாய் இல்லை, டாலர். எப்படி என்று சொல்கிறேன், ஸ்கிப் மட்டும் பண்ணாதீர்கள்.

இந்த வீடியோவுக்குக் காரணம் ஒரு தம்பி போட்ட மெயில். "அண்ணா, இரண்டு வருஷம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒரு கேம் பண்ணி ஸ்டீமில் போட்டேன். நானூறு காப்பிதான் போச்சு. அப்டேட் போட்டு இழுக்கவா, விட்டுட்டு அடுத்ததைப் பார்க்கவா?"

ஸ்டீம் என்றால் கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடை. கணக்கைச் சட்டென்று முடித்துவிடுவோம். காப்பி 250 ரூபாய் என்று வைத்தால் ஒரு லட்சம். ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும், மீதி எழுபதாயிரம். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அப்படிப் போனது தனி. வரியும் தனி. எதையும் கழிக்காமல் அந்த எழுபதாயிரத்தை 24 மாதத்தால் வகுத்தாலே மாதம் மூவாயிரம் தேறவில்லை. போட்டி எப்படி என்று கேட்டால், 2024இல் மட்டும் ஸ்டீமில் 18,000க்கும் மேல் கேம்கள் வந்தன, ஒரு நாளைக்குச் சுமார் ஐம்பது. தம்பியின் கேம் வந்த அன்றைக்கும் கூடவே ஏறக்குறைய ஐம்பது பேர் மேளதாளத்தோடு வந்திருப்பார்கள்.

சரி, பணம் வரவில்லை என்று தெரிகிறது. அப்புறம் ஏன் விட முடியவில்லை? சீட்டாட்ட மேஜையில் இதற்குப் பெயர் உண்டு: விட்டதைப் பிடிக்கிறேன். 1985இல் ஆர்க்ஸ், புளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். பனிச்சறுக்குப் பயணத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டீர்கள், ஒன்று 100 டாலர், இன்னொன்று 50. ஐம்பது டாலர் பயணம்தான் ஜாலியாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டும் ஒரே நாளில் வந்து மோதுகின்றன, எதற்குப் போவீர்கள்? பாதிக்கும் மேற்பட்டவர்கள் நூறு டாலர் பயணம் என்றார்கள். காசு எப்படியும் போய்விட்டது, ஜாலியையும் சேர்த்து விட்டுவிடுகிறோம்! தம்பியின் இரண்டு வருஷமும் அந்த நூறு டாலர் டிக்கெட்தான். விட்டாலும் போனது திரும்பாது, இழுத்தாலும் திரும்பாது.

"அப்படியென்றால் அமாங் அஸ்?" என்று நீங்கள் கேட்பது இங்கே வரை கேட்கிறது.

நியாயமான கேள்வி. 2018 ஜூனில் மூன்று பேர் சேர்ந்து வெளியிட்ட கேம் அது. ஆரம்பத்தில் ஒரே நேரத்தில் ஆடியவர்கள் முப்பதிலிருந்து ஐம்பது பேர், நம் ஊர்க் கல்யாணத்தில் ஒரு பந்திக்கே அதைவிடக் கூட்டம் உட்காரும். பல தடவை விட்டுவிடலாம் என்று நினைத்து, ஆடுபவர்கள் விடாமல் கேட்டதால் தொடர்ந்தார்கள். வெறும் வியாபாரமாகப் பார்த்திருந்தால் எப்போதோ விட்டிருக்க வேண்டும் என்று அவர்களே பின்னால் ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் கொரோனா வந்தது, எல்லோரும் வீட்டுக்குள், கேம் ஆடுவதை நேரலையில் காட்டும் பெரிய ஸ்ட்ரீமர்கள் கையில் கேம் சிக்கியது. 2020 செப்டம்பரில் ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் நான்கு லட்சத்துக்கும் மேல். ஆகஸ்டில் அறிவித்த இரண்டாம் பாகத்தை அடுத்த மாதமே ரத்து செய்துவிட்டுப் பழைய கேமைச் சரிபார்க்க உட்கார்ந்தார்கள்.

பார்த்தாயா, விடாமல் இருந்ததால் ஜெயித்தார்கள் என்று இதை வைத்து ஆயிரம் பேர் ஸ்டேட்டஸ் போடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். பன்றி காத்திருக்கிறது.

(திரையில்: மறுபடியும் பன்றி.)

அந்தக் கேமின் பெயர் கிளிட்ச். செய்தது டைனி ஸ்பெக் என்ற கம்பெனி, தலைவர் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட். பதினொரு ராட்சதர்கள் கனவு காண்கிறார்கள், அந்தக் கனவுக்குள்தான் கேமே நடக்கிறது. சண்டை, துப்பாக்கி எதுவும் கிடையாது. செடி நடலாம், சமைக்கலாம், கோழியைப் பிழிந்தால் தானியம் வரும். முட்டை கிடையாதா என்று கேட்டால், முட்டை மரத்தில் காய்க்கும்! இந்த உலகத்துக்கு அவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்: ஊர். ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. தமிழ் தெரிந்து வைத்ததாக எனக்குத் தகவல் இல்லை, ஆனால் உலகத்தையே உருவாக்கிவிட்டு அதற்கு ஊர் என்று பெயர் வைத்தவர்களை எனக்கு அதனாலேயே பிடித்துவிட்டது.

2011 செப்டம்பரில் திறந்தார்கள். நவம்பரிலேயே, இன்னும் வேலை இருக்கிறது என்று சொல்லி மறுபடியும் பீட்டாவுக்கு, அதாவது சோதனைக் கட்டத்துக்கு, இறக்கினார்கள். ஆடியவர்கள் உயிரை விட்டு ஆடினார்கள், ஆனால் அப்படிப்பட்டவர்கள் எண்ணிக்கை போதவில்லை. புதிதாக வருபவர்களில் பலர், இந்தப் பன்றியை என்ன செய்வது என்று புரியாமலே கிளம்பிவிடுவார்கள். போதாததற்கு கேம் ஓடியது ஃபிளாஷில், பிரவுசருக்குள் கேம் ஓட்டிய பழைய மென்பொருள் அது. ஐபோனில் ஃபிளாஷ் கிடையாது, உலகமே போனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

என்னை அசத்தியது அடுத்து நடந்ததுதான். திரட்டியது சுமார் 1.7 கோடி டாலர், அதில் கையில் இன்னும் ஏறக்குறைய 50 லட்சம் மீதி இருந்தது. அதாவது பணம் தீர்ந்து மூடவில்லை, பணம் இருக்கும்போதே மூடினார்கள்! நாமாக இருந்தால் என்ன செய்வோம்? கடைசி ரூபாய் வரை அப்டேட் போட்டிருப்போம். 2012 நவம்பரில் அறிவித்து டிசம்பர் 9 அன்று விளக்கை அணைத்தார்கள். பணம் கட்டி ஆடியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள், வேலை போனவர்களுக்கு வேறு வேலை கிடைக்க ஒரு வலைப்பக்கமே போட்டார்கள்.

மீதி இருந்த சின்னக் குழு கையில் ஒன்று இருந்தது. கேம் செய்யும்போது தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தாங்களே தட்டிக்கொட்டி வைத்திருந்த ஒரு சாட் கருவி. அதைத் துடைத்துத் தனியாக எடுத்தார்கள். அதுதான் ஸ்லாக். ஆமாம், காலையில் உங்கள் மேனேஜர் உங்களைக் கூப்பிடும் அதே ஸ்லாக். 2021இல் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற பெரிய மென்பொருள் கம்பெனி அதை வாங்கி முடித்தது, விலை முன்னால் சொன்ன 2,770 கோடி டாலர்.

இன்னொரு கூத்து கேளுங்கள். பட்டர்ஃபீல்டுக்கு இது முதல் தடவை இல்லை. அதற்கு முன்னால் 'கேம் நெவர்எண்டிங்' என்று ஒரு கேம் செய்தார். முடிவே இல்லாத கேம் என்று பெயர், அதுவும் முடிந்துபோனது! அதிலிருந்து கிளம்பியது போட்டோ பகிரும் தளமான ஃபிளிக்கர், 2005இல் யாஹூ வாங்கியது. இரண்டு தடவை கேம் செய்யப் போய் இரண்டு தடவையும் வேறு எதையோ செய்த மனிதர். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதை நமக்குத் தெரியும், இவருக்குக் குரங்கு தங்கத்தில் வந்தது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு கேமுக்கும் உயிரையே கொடுக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். அதனால் "என் கேமை நாலு பேர் ரொம்ப நேசிக்கிறார்கள்" என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது. வித்தியாசம் மாதச் செலவில்தான். அமாங் அஸ் பக்கம் மூன்றே பேர், அதைத் தூங்கவிட்டாலும் பெரிதாக எதுவும் குடிமுழுகாது. கிளிட்ச் பக்கம் ஒரு ஆபீஸ் நிறையச் சம்பளம், விடிந்தால் எரியும். விடாமுயற்சி, தன்னம்பிக்கை என்றெல்லாம் இதற்குப் பெரிய பெயர் வைப்பார்கள், என்னைக் கேட்டால் அது வாடகைக் கணக்கு.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே ஜெயித்தவர்கள் கதை. இழுத்தும் ஜெயிக்காதவர்கள், மூடியும் ஜெயிக்காதவர்கள் எவ்வளவோ பேர், அவர்களைப் பற்றி நானே வீடியோ போடுவதில்லை, வியூஸ் வராது.

தம்பிக்கு வருகிறேன். உங்கள் கேமை விற்பனையில் அப்படியே விட்டு வைக்க மாதம் எவ்வளவு ஆகும்? சர்வர் இல்லாத ஒற்றை ஆள் கேம் என்றால் ஏறக்குறைய பூஜ்யம். அதனால் கடையிலிருந்து எடுக்காதீர்கள், அது பாட்டுக்கு இருக்கட்டும். அப்டேட் போடுவது வேறு விஷயம், அது உங்கள் ராத்திரிகளைத் தின்னும். ஒரே ஒரு அப்டேட், இத்தனை வாரம் என்று காலண்டரில் வட்டம் போட்டுவிட்டுச் செய்யுங்கள், அந்தத் தேதிக்குள் இத்தனை காப்பி போகவில்லையென்றால் நிறுத்துகிறேன் என்று வீட்டில் ஒருவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், ஏனென்றால் அந்தத் தேதி வரும்போது நீங்கள் கட்டாயம் சாக்கு சொல்வீர்கள். அப்புறம் கேமைத் திறந்து, கழற்றி எடுக்கிற மாதிரி என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேப் உருவாக்கும் கருவியா, வசனம் எழுத நீங்கள் செய்த சின்ன எடிட்டரா? உங்கள் ஸ்லாக் என்று சொல்லவில்லை, அடுத்த கேமில் மூன்று மாதம் மிச்சமானாலே போதும்.

உங்களில் யாராவது இப்படி ஒரு கேமை மூடியிருந்தால், அதிலிருந்து எதைக் கழற்றி எடுத்தீர்கள் என்று எழுதுங்கள், அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன். லைக் போடச் சொல்ல மறந்துவிட்டேன், போட்டுவிடுங்கள்.

போகும் முன் கிளிட்ச் பற்றி ஒரு மிச்சம். 2013இல் டைனி ஸ்பெக் அந்தக் கேமின் படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுச்சொத்தாகக் கொடுத்துவிட்டது. அதை வைத்து ரசிகர்களே ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கேமைத் திரும்ப எழுப்பக் கிளம்பினார்கள். ஒரு குழு 'எலெவன்' என்று பெயர் வைத்தது. இன்னொன்றின் பெயர் 'சில்ட்ரன் ஆஃப் ஊர்'. ஊர்ப் பிள்ளைகள்.

(திரையில்: பன்றி. கை. ஒரு கடி.)